ரூசோவா நமக்கு ஓட்டுரிமை கொடுத்தார்?

ஜூன் 4, மாலை. வாசகர் கேள்வி

மகளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ, வால்டேர் ஆகியோரின் சிந்தனையால் ஜனநாயகம் பிறந்தது" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இந்த நால்வரில் "எல்லோருக்கும் ஓட்டு, மக்களே ஆளட்டும்" என்று நேராக எழுதியவர் யார்? ஒரு வரி காட்ட முடியுமா?

ஜூன் 4, இரவு

நால்வரில் ஒருவரும் இல்லை.

வால்டேர் நல்ல ராஜா கிடைத்தால் போதும் என்று நினைத்தவர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் அரண்மனையில் போய் இருந்தவர், ரஷ்ய ராணி கேத்தரினுக்குக் கடிதம் எழுதியவர். அவருடைய சண்டை வேறு: மதவெறி, சித்திரவதை, அநியாயத் தீர்ப்பு. 1762இல் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டண்ட் வியாபாரியை, மகனைக் கொன்றார் என்று சொல்லிச் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். வால்டேர் விடாமல் எழுதி எழுதி 1765இல் அந்தத் தீர்ப்பை மாற்ற வைத்தார். பெரிய காரியம். ஆனால் அதில் ஓட்டு எங்கும் இல்லை.

இங்கிலாந்தின் லாக் கேட்டது மன்னரைக் கட்டுப்படுத்தும் பாராளுமன்றம். மாண்டெஸ்கியூ குடியரசு என்பது சிறிய ஊர்களுக்குத்தான் சரிப்படும் என்றார். ரூசோவோ, தெய்வங்களால் ஆன ஒரு மக்கள்கூட்டம் இருந்தால் அது ஜனநாயகமாக ஆண்டுகொள்ளும், அவ்வளவு குறையற்ற ஆட்சி மனிதர்களுக்கு ஏற்றதல்ல என்று "சமூக ஒப்பந்தம்" நூலின் மூன்றாம் பாகத்தில் எழுதினார்.

வரி வேண்டுமென்றால் இவர்களுக்கெல்லாம் முன்னால் போகவேண்டும். 1670இல் ஹாலந்தின் தத்துவஞானி ஸ்பினோசா பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்சி முறைகளில் ஜனநாயகம்தான் மிக இயல்பானது, சுதந்திரத்துக்கு மிக நெருக்கமானது என்று அதில் நேராகவே சொல்கிறார். அவருடைய கடைசி நூல் ஜனநாயகம் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கிய கொஞ்சத்திலேயே நின்றுவிடுகிறது. 1677இல் இறந்துபோனார். எழுதிய அந்தச் சில பக்கங்களிலேயே பெண்களையும் வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஜூன் 5

காலையில் இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் இவர்களைப் பாடத்திலிருந்தே எடுத்துவிடலாமா?"

வேண்டாம். முதலில் கேட்டவர் மகளின் நோட்டில் உள்ள வரி அவசரப்படுகிறது, அவ்வளவுதான். அதிகாரம் தன்னை நியாயப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிலையை இவர்கள் உண்டாக்கினார்கள். "கடவுள் தந்தார், அப்பா விட்டுப்போனார், ஆகவே ஆள்கிறேன்" என்ற பதில் அதன்பிறகு செல்லவில்லை. ஓட்டு, அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வேறு ஆட்கள் போய்ச் சண்டை போட்டு வாங்கியது. சில சமயம் இந்த ஞானிகளோடேயே சண்டை போட்டு.

ஜூன் 5, இரவு 11 மணி. லாக் பற்றி

லாக் எழுதிய சூழ்நிலையைச் சொல்லாமல் அவரைப் பாடமாக நடத்தினால் ஒன்றும் ஒட்டாது. நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருடம் இதை நடத்தியவன். "இயற்கை உரிமைகள் மூன்று: உயிர், சுதந்திரம், சொத்து" என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் காப்பி அடித்துக்கொண்டு தூங்கிவிடும். ஆல்ஜெர்னான் சிட்னி என்ற அரசியல்வாதியின் வழக்கைச் சொன்னால் நிமிர்ந்து உட்காரும்.

1683, லண்டன். மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு எதிரான சதி என்று சிட்னியைப் பிடித்தார்கள். ராஜத்துரோகத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒரு ஆள்தான் கிடைத்தார். சிட்னி வீட்டு மேஜையில் அச்சாகாத கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது, மக்கள் சம்மதம் இல்லாத ஆட்சி ஆட்சியே அல்ல என்கிற மாதிரி. நீதிபதி ஜெஃப்ரிஸ் அந்தக் காகிதக் கட்டையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார். எழுதுவதே செயல்தான் என்றார். டிசம்பரில் சிட்னியின் தலை போயிற்று.

அதே வருடம் லாக் ஹாலந்துக்கு ஓடிப்போனார். அவரிடமும் கிட்டத்தட்ட அதே கருத்துள்ள எழுத்து இருந்தது. மன்னர் மாறிய பிறகு, 1689இல், "அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுகள்" பெயரில்லாமல் வந்தது. அது தன்னுடையது என்று உயிரோடு இருக்கும்வரை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. 1704இல் இறந்தபோது உயிலில்தான் ஒப்புக்கொண்டார்.

அரசு என்பது நம்பி ஒப்படைத்த பொருள், நம்பிக்கையைக் கெடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். 1776இல் அமெரிக்கர்கள் விடுதலைப் பிரகடனம் எழுதியபோது இந்த நியாயம்தான் அதன் முதுகெலும்பு.

எனக்கு லாக்கிடம் பிடிக்காத இடமும் உண்டு. சம்மதம் சம்மதம் என்கிறாரே, நான் எப்போது சம்மதித்தேன்? ஒரு நாட்டில் நிலம் வைத்திருந்தாலும், ஒரு வாரம் தங்கினாலும், ஏன், அதன் நெடுஞ்சாலையில் நடந்துபோனாலும்கூட நீ மௌனமாகச் சம்மதித்துவிட்டாய் என்கிறார். நடந்துபோனதற்கே சம்மதம் என்றால் சம்மதிக்காதவன் யார்?

ஜூன் 6

"லாக் அடிமை வியாபாரத்தில் பணம் போட்டவர்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். அமெரிக்காவில் கரோலைனா குடியேற்றத்துக்கு 1669இல் ஒரு சாசனம் எழுதினார்கள்; ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள்மேல் முழு அதிகாரம் உண்டு என்று அதில் இருக்கிறது. அதைத் தயாரித்த பிரபுக்களுக்குச் செயலாளர் லாக்.

இதை அடிக்குறிப்பாகத் தள்ளக்கூடாது என்பது என் கட்சி. சம்மதம் இல்லாமல் ஆளக்கூடாது என்று எழுதின அதே கை. படிப்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 8. மாண்டெஸ்கியூ

"மாண்டெஸ்கியூ இங்கிலாந்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார், அங்கே அதிகாரப் பிரிவினையே இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதி சரி. 1729 கடைசியிலிருந்து 1731 வரை அவர் இங்கிலாந்தில் இருந்த நாட்களில் பிரதமர் வால்போல் பாராளுமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே அரசாங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். சட்டம் செய்யும் இடமும் ஆளும் இடமும் ஒட்டித்தான் கிடந்தன.

ஆனால் "சட்டங்களின் ஆன்மா" (1748) பதினோராம் புத்தகம் ஆறாம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தால், சட்டம் செய்வது, ஆள்வது, நீதி சொல்வது மூன்றுக்கும் மூன்று அறைகள், மூன்று பூட்டுகள் என்று அவர் சொல்லவில்லை. ஒரே கை மூன்றையும் முழுசாகப் பிடித்துவிடக்கூடாது என்கிறார். 1788இல் அமெரிக்காவில் புது அரசியல் சட்டத்தை எதிர்த்தவர்கள் இதே மாண்டெஸ்கியூவைக் காட்டித்தான் வாதாடினார்கள்: செனட்டும் ஜனாதிபதியும் ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைக்கிறார்களே என்று. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 47ஆவதில் மேடிசன் கொடுத்த பதிலும் இதுவே. கொஞ்சம் கலக்கலாம், மொத்தமாக ஒரே கையில் சேரக்கூடாது.

இன்னொன்று. மாண்டெஸ்கியூ நீதிபதி. போர்தோ உயர்நீதிமன்றத்தின் பெரிய பதவியை 1716இல் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவர் உயில் வழியாக அவருக்கு விட்டுப்போனார். பத்து வருடம் கழித்து அதை விற்றுவிட்டார். அன்றைய ஃபிரான்ஸில் நீதிபதிப் பதவி வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு விட்டுப்போகலாம். நமக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பதவியை மன்னர் நினைத்த நேரத்தில் பிடுங்க முடியாது. அதனால் அந்த நீதிபதிகள் ராஜாவின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல முடிந்தது. யாராலும் எளிதில் தூக்கியெறிய முடியாத நீதிபதி வேண்டும் என்ற யோசனை அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த அனுபவத்திலிருந்தே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். விற்பனை முறையை அவர் நூலிலேயே ஆதரித்தும் எழுதினார். வால்டேருக்கு அதில் பயங்கரக் கோபம்.

ஜூன் 8, பின்னிரவு

சொல்ல விட்டது. இதே மாண்டெஸ்கியூ இரண்டாம் புத்தகத்தில் சொல்கிறார்: சீட்டுக் குலுக்கி எடுப்பது ஜனநாயகத்தின் இயல்பு, தேர்ந்தெடுப்பது பிரபுக்கள் ஆட்சியின் இயல்பு. ரூசோவும் இதை ஒப்புக்கொள்கிறார். ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குக் குலுக்கல்தான். தேர்தல் வைத்தால் பெயர், பணம், பேச்சு உள்ளவன்தான் ஜெயிப்பான் என்பது இவர்களுக்கெல்லாம் வெளிப்படையான விஷயம்.

அப்படி இருக்க 1787இல் ஃபிலடெல்ஃபியாவிலும் 1789இல் பாரிஸிலும் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள் குலுக்கலைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் சிலரை மட்டும் காங்கிரஸிலிருந்து சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்று ஜேம்ஸ் வில்சன் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. தகுதியானவர்களை மேலே கொண்டுபோகும் வடிகட்டி அவர்களுக்கு வேண்டியிருந்தது, தெரிந்தே தேர்தலை எடுத்தார்கள். மேடிசனின் 10ஆம் கட்டுரை இதை ஒளிக்கவே இல்லை. செனட்டர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்க 1913 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

ஜூன் 9

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: "உத்திரமேரூர்க் குடவோலை இருக்கும்போது நமக்கு ஏதென்ஸ் எதற்கு?"

முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. கணக்குக் காட்டாதவன் பெயரை, அவன் உறவுக்காரன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற விதி இன்றைக்கும் தேவைப்படுவது. ஆனால் கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு இவ்வளவும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் விழும். அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊரின் சபை. நாம் பேசுகிற ஐரோப்பியர்களில் யாருக்கும் அது தெரிய வழியும் இல்லை. தனியாகப் பேசவேண்டிய விஷயம், இங்கே கலக்கவேண்டாம்.

ஜூன் 11. ரூசோ

இவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். சுருக்கமாக வராது.

முதலில் ஊர். ரூசோ ஜெனீவாக்காரர், கடிகாரத் தொழிலாளியின் மகன். நூலின் முகப்பிலேயே "ஜெனீவாவின் குடிமகன்" என்று போட்டுக்கொண்டவர். ஜெனீவா பெயருக்குக் குடியரசு. குடிமக்கள் எல்லோரும் கூடும் பொதுச்சபைக்குத்தான் உச்ச அதிகாரம் என்பார்கள். நடப்பில் இருபத்தைந்து பேர் கொண்ட சின்னச் சபை, சில குடும்பங்கள், எல்லாவற்றையும் முடிவு செய்தது. ஊரில் பெரும்பாலானவர்கள் பூர்வீகமாக அங்கேயே பிறந்தவர்களாக இருந்தும் குடிமக்கள் என்ற கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவர் ஏன் இறையாண்மை வேறு, அரசாங்கம் வேறு என்று அப்படிப் பிரிக்கிறார் என்பது விளங்கும். சட்டம் செய்வது மக்கள் மொத்தமும். அரசாங்கம் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற மக்கள் வைத்துக்கொண்ட வேலையாள். வேலையாள் முதலாளி ஆகிவிட்டான் என்பதுதான் ஜெனீவா பற்றிய குற்றச்சாட்டு. ஜெனீவாவுக்கும் அது நன்றாகவே புரிந்தது. 1762இல் "சமூக ஒப்பந்தம்" வந்த உடனே அதையும் "எமில்" நூலையும் நகரசபை வாசலில் கொளுத்தினார்கள்.

மனிதர்களுக்கு ஜனநாயகம் ஏற்றதல்ல என்றாரே, அது இறையாண்மையைப் பற்றி அல்ல, அரசாங்கத்தைப் பற்றி. அன்றாட நிர்வாகத்தையும் எல்லோரும் கூடி நடத்த முடியாது என்கிறார். சட்டம் செய்யும் உரிமையை மக்கள் யாரிடமும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதில் அவர் அசையவே இல்லை. முதல் நாள் நான் எழுதிய வரியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். தனியாக எடுத்தால் ரூசோ மக்களை நம்பாதவர் மாதிரி தெரியும்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வரி. இங்கிலாந்து மக்கள் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள், அது தப்பு. பாராளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும்தான் சுதந்திரம். தேர்ந்தெடுத்து முடிந்ததும் அடிமை.

ஆசிரியர்கள் எல்லோரையும்போல நானும் தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். விடிகாலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்துத் தொடங்கவேண்டும். நாளெல்லாம் வரிசை. சாயந்தரம் கடைசி ஆள் போட்டு முடித்ததும் கட்டுப்பாட்டுக் கருவியின் மூடியைத் திறந்து "குளோஸ்" பொத்தானை அழுத்தவேண்டும். அதன்பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஓட்டு விழாது. 17சி படிவத்தில் எத்தனை ஓட்டு என்று எழுதி, ஒருவரை ஒருவர் நம்பாத கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்ட நகல் கொடுக்கவேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ரூசோவின் அந்த வரி ஞாபகம் வரும். நகல்களைக் கொடுக்கும்போது மாண்டெஸ்கியூ. இரண்டு பேரும் அந்த வகுப்பறைக்குள் இருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையாகவே தோன்றும்.

ஜூன் 12

ரூசோவின் அந்தக் கோபத்துக்கு நடைமுறையில் யாராவது பதில் தேடினார்களா என்ற கேள்வி நல்ல கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 1776 அரசியல் சட்டத்தைப் பாருங்கள். ஒரே அவை, வருடா வருடம் தேர்தல், ஏழு வருடத்தில் நான்கு வருடத்துக்குமேல் ஒருவர் உறுப்பினராக இருக்கமுடியாது. வரி கட்டும் சுதந்திர ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, நிலம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எனக்கு மிகப் பிடித்த விதி: பொதுச் சட்ட மசோதாவை அச்சடித்து மக்கள் பார்வைக்கு விடவேண்டும், அவசரம் இருந்தாலொழிய அடுத்த கூட்டத்தொடர் வரும்வரை நிறைவேற்றக்கூடாது. பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்கு இந்தச் சட்டமே ஆகாது. 1790இல் அதை எடுத்துவிட்டு இரண்டு அவை கொண்ட வழக்கமான முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஜூன் 13

1789இன் ஃபிரெஞ்சுப் புரட்சிக்கு வருவோம். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரியில் எல்லோரும் சமம். அதே சபை சில மாதத்துக்குள் குடிமக்களை இரண்டாகப் பிரித்தது: ஓட்டு உள்ள செயலுள்ளவர், ஓட்டு இல்லாத செயலற்றவர். 25 வயது, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேர்வரி, யார் வீட்டிலும் வேலைக்காரனாக இல்லாமல் இருப்பது. இதில் தேறியவர்கள் ஏறக்குறைய 43 லட்சம் ஆண்கள். பிரிவினை சபை உறுப்பினர் சியேயஸின் மூளை. ஃபிரான்ஸ் ஜனநாயகம் அல்ல, ஆகவும் முடியாது என்று செப்டம்பர் 7ஆம் தேதி சபையிலேயே பேசியவர் அவர்.

பிரதிநிதியாக நிற்கவோ ஒரு மார்க் (பழைய எடை அளவு) வெள்ளி அளவுக்கு வரி கட்டவேண்டும், நிலமும் வேண்டும். காமில் டெமூலான் என்ற பத்திரிகைக்காரர் அப்போது கேட்டார்: இந்த விதிப்படி ரூசோவே நிற்க முடியாதே! ஓட்டுரிமைப் போராட்டம் முழுவதும் இந்த மாதிரிதான் நடந்திருக்கிறது. இந்தச் சிந்தனையாளர்கள் எழுதியதை எடுத்து அவர்கள் வாரிசுகளின் முகத்துக்கு நேரே நீட்டுவது.

ஜூன் 13, இரவு

கரீபியனில் ஃபிரான்ஸின் குடியேற்றமான சான் தொமிங்கின் அடிமைகள் 1791இல் எழுந்தார்கள். பிரகடனத்தின் முதல் வரியை மெய்யாக்கியது அவர்கள்தான். பாரிஸ் சபை 1794 பிப்ரவரி 4இல் அடிமைமுறையை ஒழித்தபோது அங்கே அவர்கள் ஏற்கெனவே ஆயுதம் ஏந்தி விடுதலையை வாங்கியிருந்தார்கள். 1802இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். 1804இல் சான் தொமிங் ஹெய்ட்டி என்ற தனி நாடு. பாடத்தில் இதற்கு இரண்டு வரியாவது வேண்டும்.

ஜூன் 15. பெண்கள்

"அந்தக் காலம் அப்படி, பெண்களைக் குடிமக்களாக எண்ணாததற்காக ரூசோவைக் குற்றம் சொல்லாதீர்கள்" என்று எழுதிய நண்பருக்கு: அந்தக் காலத்திலேயே ஃபிரான்ஸில் கோந்தோர்செ என்ற சிந்தனையாளர் இருந்தார்.

1790இல் பெண்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். கர்ப்பம், உடல் உபாதை என்று பெண்களை ஒதுக்குகிறீர்கள், வருடா வருடம் குளிர்காலத்தில் கீல்வாதம் வருகிறவர்கள், லேசில் ஜலதோஷம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் உரிமையைப் பறிக்க யாருக்காவது தோன்றியதா என்று கேட்கிறார். சபையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களில் எத்தனை பேருக்குக் கீல்வாதம் இருந்திருக்கும்! அடுத்த வருடம் ஒலிம்ப் த கூஜ் என்ற பெண் எழுத்தாளர் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்றார். 1793 நவம்பரில் கில்லட்டினில் அவர் தலையை வெட்டினார்கள். ஃபிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944இல்.

ஜூன் 16

கோந்தோர்செ பற்றி மேலும் கேட்டவர்களுக்கு.

அவர் கணித மேதை. 1785இல் பெரும்பான்மை முடிவுகளைப் பற்றி ஒரு கணித நூல் எழுதினார். அதில் உள்ள ஒரு விஷயத்தை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். சுற்றுலா போக மூன்று இடம்: ஊட்டி, கன்னியாகுமரி, மகாபலிபுரம். மூன்று மாணவர்கள். ஒருவனுக்கு ஊட்டி முதல், பிறகு கன்னியாகுமரி, கடைசி மகாபலிபுரம். அடுத்தவனுக்குக் கன்னியாகுமரி, மகாபலிபுரம், ஊட்டி. மூன்றாமவனுக்கு மகாபலிபுரம், ஊட்டி, கன்னியாகுமரி. இரண்டிரண்டாக ஓட்டு விடுங்கள். ஊட்டி கன்னியாகுமரியை 2-1 ஜெயிக்கும். கன்னியாகுமரி மகாபலிபுரத்தை 2-1. மகாபலிபுரம் ஊட்டியை 2-1. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேறொன்றைப் பெரும்பான்மை கேட்கும். மூன்று பேரும் தெளிவாகத்தான் சொன்னார்கள், கூட்டினால் தெளிவு இல்லை.

இது எனக்குப் புரிந்த பிறகு மக்கள் மொத்தத்துக்கும் பொதுவான ஒரு விருப்பம் உண்டு என்ற ரூசோவின் "பொது விருப்பம்" பழையபடி எளிதாக இல்லை. மக்கள் விருப்பம் இதுதான் என்று ஒரு தலைவர் மேடையில் முழங்கினால், எந்த வரிசையில் கேள்வி கேட்டீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. புரட்சியின் பயங்கர ஆட்சியை நடத்திய ரோபெஸ்பியர் காலத்தில் அப்படிக் கேட்டவர்களுக்கு நேர்ந்தது தெரியும்.

அதே நூலில் நம்பிக்கை தரும் கணக்கும் உண்டு. ஒவ்வொருவரும் பாதிக்கு மேல் சரியாக முடிவெடுக்கக் கூடியவராக, தானாக யோசிப்பவராக இருந்தால், ஆட்கள் கூடக் கூடக் கூட்டத்தின் முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பும் கூடும். பாதிக்குக் கீழே இறங்கினால் கூட்டம் கூடக் கூடத் தப்புதான் உறுதியாகும். ஆகவே பள்ளிக்கூடம். 1792 ஏப்ரலில் பொதுக்கல்வித் திட்டத்தை அவர் சபை முன் வைத்தார். 1793 பிப்ரவரியில் அரசியல் சட்ட வரைவும் அவர் கொண்டுவந்தார். அது தள்ளுபடியானது. அதற்குப் பதிலாக வந்த 1793 சட்டத்தில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது, மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அமலுக்கே வரவில்லை. அதைக் கண்டித்து எழுதியதற்காகக் கோந்தோர்செவுக்குக் கைது உத்தரவு. ஒளிந்திருந்தார், பிடிபட்டார், 1794 மார்ச்சில் சிறைக் கொட்டடியில் இறந்து கிடந்தார்.

பாரிஸில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஃபிரான்ஸின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் நிலவறைக்குப் போனேன். வால்டேரும் ரூசோவும் எதிரெதிரே. வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டவர்கள். ரூசோவின் மரக் கல்லறையில் பாதி திறந்த கதவு வழியே ஒரு கை தீப்பந்தம் நீட்டுகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அங்கேதான் படம் எடுக்கிறார்கள். கோந்தோர்செவுக்கு 1989இல்தான் இடம் கொடுத்தார்கள். பெட்டி காலி, உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 18

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்ட பெண்ணுக்கு: கோந்தோர்செவின் 1790 கட்டுரை, ஒரே மூச்சில் முடியும். அடுத்து மாண்டெஸ்கியூவின் பதினோராம் புத்தகம், ஆறாம் அத்தியாயம் மட்டும். ரூசோவில் மூன்றாம் பாகத்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் ஆரம்பத்துக்கு வாருங்கள். லாக்கின் இரண்டு ஆய்வுகளில் முதலாவது மன்னராட்சியை ஆதரித்த ஃபில்மர் என்பவரை வரிக்கு வரி மறுப்பது, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் 119ஆம் பத்தி வந்ததும் நிறுத்தி, அந்த நெடுஞ்சாலைச் சம்மதம் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா என்று இங்கே எழுதுங்கள்.